செம்மண் தடத்தில் ஓடும் ஃப்ளாட் பெடல்: வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்வது எப்படி?

பள்ளத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. எம்டிபி என்கிற மலைத்தடச் சைக்கிளில், ஷூவைப் பூட்டாத தட்டையான நைலான் ஃப்ளாட் பெடல் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓட்டுவது பெரும்பாலும் கண்மாய்க் கரையிலும் தைலமரக் காட்டுத் தடத்திலும். இப்போது இடது பெடல் ஆடுகிறது, மிதிக்கும்போது 'டக்'கென்று சத்தம் வருகிறது, ஐப்பசி மழைக்குப் பிறகு கரகரப்பும் சேர்ந்துவிட்டது. கடையில் "ஜோடியா மாத்திருங்க" என்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா, காரைக்குடியில் கிடைக்கிற சாமான்களை வைத்தே செய்ய முடியுமா என்பது கேள்வி.

முடியும் தம்பி. நீங்கள் சொல்கிற அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் பெடலில் எதுவும் உடைந்திருக்காது. உள்ளே ஒரு சின்ன புஷ்ஷோ (தண்டு சுழல்கிற வழவழப்பான குழல்) பேரிங்கோ தேய்ந்திருக்கும். அதைத் தேய்த்தது நம் ஊர்ச் செம்மண். அது எந்த வழியாக உள்ளே போகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் எங்கே துடைக்க வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்பதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், சத்தம் பெடலிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். சைக்கிளைச் சுவரில் சாத்தி, பெடல் மாட்டியிருக்கும் கையான இடது கிராங்கை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் பெடலை மட்டும் ஆட்டுங்கள். பெடல் மட்டும் ஆடினால் கோளாறு அதற்குள்தான். கிராங்கும் சேர்ந்து ஃபிரேமை நோக்கிப் போய்வந்தால் கிராங்க் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது கிராங்குகளைத் தாங்கிச் சுற்றும் பாட்டம் பிராக்கெட் போயிருக்கும். அப்போது பெடலைப் பிரித்துப் பயனில்லை.

பெடலில்தான் ஆட்டம் என்றால், அது எந்த வாக்கில் என்று கவனியுங்கள். பெடலின் நடுத்தண்டான ஆக்சிலின் நீளவாக்கில் உள்ளே வெளியே நகர்ந்தால் முனையில் இருக்கும் நட்டு தளர்ந்திருக்கிறது. கழற்றி இறுக்கினால் தீர்ந்தது. மேலும் கீழுமாகச் சாய்ந்து ஆடினால் கிராங்க் பக்கத்து புஷ் தேய்ந்திருக்கிறது. ஆட்டமே இல்லாமல், மெதுவாகச் சுற்றும்போது விரல் நுனியில் நறநறவென்று தெரிந்தால் வெளிமுனையில் உள்ள பேரிங். உங்களுக்குச் சத்தம், ஆட்டம், கரகரப்பு மூன்றும் இருப்பதால் புஷ், பேரிங் இரண்டையும் சந்தேகப்படுகிறேன்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே தீர்த்துவிடலாம். பெடலை விரலால் தட்டிவிட்டு, அது நிற்காமல் சுற்றுவதைக் காட்டி "எவ்வளவு ஃப்ரீயா இருக்கு பாருங்க" என்பார்கள். ஃப்ளாட் பெடலுக்கு அது நல்ல அடையாளம் இல்லை. சீலும் கிரீஸும் சரியாக உள்ள பெடல் தட்டினால் ஒன்றிரண்டு சுற்றில் நின்றுவிடும். கால் அதன் மேல் இருக்கும்போது அந்தச் சின்ன இறுக்கம் தெரியவே தெரியாது. நிற்காமல் சுற்றுகிற பழைய பெடலில் பெரும்பாலும் கிரீஸ் வற்றியிருக்கும்.

இனி மண் கதை. காரைக்குடி, கண்டனூர், கானாடுகாத்தான், அந்தப் பக்கம் திருமயம் வரைக்கும் நாம் ஓட்டுகிற தடமெல்லாம் செம்மண்ணும் சரளையும். சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு கொடுப்பது. அதோடு கலந்து கிடக்கும் நுண்மணல் குவார்ட்ஸ். அதற்கு எஃகைக் கீறும் கடினம் உண்டு. கோடையில் இது மாவாகப் பறக்கும், மழையில் குழம்பாகும். பெடலும் கிராங்கும் சேருமிடத்தில், ஆக்சிலைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் சீல் இருக்கிறது. நீங்கள் காலை வைத்து அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த இடம்தான் துளி அசைகிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த இடுக்கை ஒரு தீக்குச்சியால் சுரண்டிப் பாருங்கள். செங்கல் நிறத்தில் பசையாக வரும். உள்ளிருந்து கசிந்த கிரீஸோடு தூசி சேர்ந்தது அது. இரும்புக்கடையில் டப்பாவில் விற்கிற வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டும் இப்படிக் கிரீஸில் அரைதூளைக் குழைத்த சரக்குதான். சீலுக்கு வெளியே இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. ஆனால் உள்ளே கிரீஸ் குறைந்து இடைவெளி உண்டானதும், மழைத்தண்ணீர் அதைக் கரைத்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மழைக்குப் பிறகு கரகரப்பு வந்ததற்கு இதுதான் காரணம்.

அதனாலேயே சைக்கிளை வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டு, பைக்குக்கு அடிப்பதுபோல் பீச்சி அடிக்க விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் மண்ணையும் கூட்டிக்கொண்டு சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். செம்மண் காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டி உதறி, ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

ஃப்ளாட் பெடல் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் மூன்று விதம்தான். ஒன்று, வெளிமுனையில் மூடிய பேரிங் ஒன்றோ இரண்டோ, கிராங்க் பக்கம் புஷ். இப்போது விற்கிற நைலான், அலுமினியப் பெடல்களில் பெரும்பாலும் இதுதான். உங்களுடையதும் இதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது, இரு பக்கமும் கோன், கப், அவற்றுக்கு நடுவே பால்ரஸ் என்கிற தனித்தனிக் குண்டுகள் போட்டது. சைக்கிளோடு இலவசமாக வரும் பெடல்கள் பலவும் இந்த ரகம். மூன்றாவது, ஷிமானோ போன்றவர்கள் செய்வது: ஆக்சிலும் பால்ரஸும் சேர்ந்து ஒரே குழலாக, கிராங்க் பக்கத்திலிருந்து மரை வைத்துக் கழலும். இதற்குச் சில மாடல்களில் தனிக் கருவி வேண்டும். இறுக்கும் திசையை அந்தக் குழலின் கழுத்திலேயே அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார்கள், கழற்ற அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பவேண்டும். அதைப் பார்க்காமல் திருப்பாதீர்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். 15 எண் ஸ்பேனர். பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவே நுழையும் அளவுக்கு மெல்லியதாக இருக்கவேண்டும். சில பெடல்களில் ஸ்பேனர் பிடிக்க இடமே இருக்காது. கிராங்கின் உட்பக்கத்திலிருந்து 6 அல்லது 8 எண் ஆலன் கீ போடவேண்டும். முனை நட்டுக்கு 8, 9, 10 எண்களில் மெல்லிய சுவர் கொண்ட பாக்ஸ் ஸ்பேனர் அல்லது சாக்கெட். தடித்த சாக்கெட் பெடல் துவாரத்துக்குள் போகாது; வாங்கும்போதே பெடலைக் கையோடு எடுத்துப்போய் நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். பெடல் முகத்தில் துருத்தி நிற்கும் பின்களுக்கு 2, 2.5, 3 எண் ஆலன் கீ. பழைய பல் பிரஷ், பனியன் வேஸ்ட், கொஞ்சம் டீசல், ஒரு டப்பா கிரீஸ். இவ்வளவுதான்.

கிரீஸுக்கு அலையவேண்டாம். லாரி, டிராக்டர் ஸ்பேர் கடையில் ஏபி3 என்று கேட்டால் கொடுப்பார்கள். பெடலின் சின்ன பேரிங்குக்கு அது சற்றே கெட்டி, ஆனால் நம் வெயிலுக்கு இளகி ஓடாது. வாய்ப்பிருந்தால் தண்ணீரில் கரையாத கால்சியம் சல்ஃபோனேட் வகையிலோ, படகு மோட்டாருக்குப் போடும் மெரைன் கிரீஸிலோ, கெட்டித்தன்மையில் 2 ஆம் கிரேடு வாங்குங்கள். டபிள்யூடி-40ஐ கிரீஸுக்குப் பதிலாக அடிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அது இருக்கிற கிரீஸையும் இளக்கி வெளியே தள்ளிவிட்டு, தூசிக்கு வழிவிடும்.

இன்னொன்று, வேலையை முகப்பிலோ வளவிலோ வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்தது. டீசலும் கறுத்த கிரீஸும் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும், அந்தக் கறை எளிதில் போகாது. பின்கட்டில் சாக்கை விரித்து, அதன் மேல் நாளிதழ் போட்டு உட்காருங்கள். வெள்ளைத்தாள் விரிப்பது இன்னும் நல்லது. விழுகிற வாஷரும் பால்ரஸும் கண்ணில் படும்.

பெடலைக் கழற்றுவதில்தான் பலரும் கிராங்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வலது பெடலுக்குச் சாதாரண மரை. இடது பெடலுக்கு எதிர்மரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகுவது. மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பாமல் இருக்க ஒரே விதியை நினைவில் வையுங்கள். ஸ்பேனரின் கைப்பிடி மேலே பார்த்திருக்கும்படி மாட்டி, பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டும் இறுகும். உட்பக்கத்திலிருந்து ஆலன் கீ போட்டாலும் இதே விதிதான், கீயின் கை மேலே பார்த்திருக்கவேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், எல்லாம் மாறிப்போகும். சக்கரம் தரையில் நிற்கட்டும். ஸ்பேனர் வழுக்கினால் கை பல்சக்கரத்தில் போய் விழும் என்பதால் செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இறுகிப்போய் அசையவே இல்லையென்றால், அது துரு மட்டும் இல்லை. ஆக்சில் எஃகு, கிராங்க் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் வியர்வை உப்போ மழைத்தண்ணீரோ தேங்கினால் அதுவே ஒரு சின்ன மின்கலம் ஆகிவிடும். அலுமினியம் அரித்துப்போய், வெள்ளைப் பொடியாகி, மரையைப் பிடித்துக்கொள்ளும். இந்த அரிப்பையே ஒரு துறையாக வைத்து ஆராய்கிற நிறுவனம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) அது. அதன் மதில் ஓரமாகச் சைக்கிள் ஓட்டிப்போகிற நமக்குப் பெடல் மரையில் ஒரு விரல் கிரீஸ் தடவுகிற பழக்கமாவது இருக்கவேண்டும். ஏற்கெனவே இறுகிவிட்டதென்றால் மரை முனையில், கிராங்கின் உட்பக்கத்திலிருந்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் மேல் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும் என்பதால் பிடி தளரும். நீளக் கைப்பிடியுள்ள ஸ்பேனரால் ஒரே சீராக அழுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் ஸ்பேனர் பிடிக்கும் முகம் உருண்டுபோகும், அதன் பிறகு லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

கழற்றியதும் இரண்டு ஆக்சில்களிலும் எல், ஆர் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அழிந்திருந்தால் மரை முனையை மேலே பார்த்துப் பிடியுங்கள். மரைக்கோடு வலப்பக்கம் ஏறினால் வலது பெடல், இடப்பக்கம் ஏறினால் இடது. ஒரு நேரத்தில் ஒரு பெடலை மட்டும் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் மற்றது மாதிரியாகப் பக்கத்தில் இருக்கும்.

வெளிமுனையில் உள்ள மூடியைத் திறப்பது அடுத்த வேலை. சிலவற்றில் ஆலன் கீயால் கழலும், சிலவற்றில் அகலமான திருப்புளியால், சிலவற்றில் நெம்பி எடுக்கும் பிளாஸ்டிக் மூடி. மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய ஓ-ரிங் இருக்கும், அது எகிறிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் நட்டு தெரியும். நல்ல நிலையில் இருக்கும் பெடலில் அந்தக் குழியில் கிரீஸ், போட்ட நிறத்திலேயே இருக்கும். உங்களுடையதில் பழுப்பாக, தண்ணீர் கலந்து வெளுத்துப்போய் இருக்கலாம். நுனிவிரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மணல் நறுநறுத்தால் பேரிங் வரைக்கும் மண் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆக்சிலை 15 ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு முனை நட்டைக் கழற்றுங்கள். ஆக்சிலைப் பிடிக்க வைஸ் இல்லையே என்று கவலை வேண்டாம். பெடலைத் திரும்பக் கிராங்கில் மாட்டிவிட்டால் கிராங்கே நல்ல வைஸ். சொல்லப்போனால் அவசரத்துக்குப் பெடலைக் கழற்றாமலேயே, சைக்கிளில் இருக்கும்படியே மூடியையும் நட்டையும் எடுத்துவிட்டுப் பெடல் உடலை மட்டும் வெளியே உருவித் துடைத்துக் கிரீஸ் போடலாம். நட்டு பெரும்பாலும் சாதாரண மரைதான். ஆனால் சில மாடல்களில் ஒரு பக்கத்துக்கு எதிர்மரை வைத்திருப்பார்கள். மிதமான அழுத்தத்துக்கு அசையவில்லையென்றால் பலத்தைக் கூட்டாமல் எதிர்த்திசையில் முயன்று பாருங்கள்.

நட்டும் வாஷரும் வந்ததும் உடலை ஆட்டி ஆட்டி இழுத்தால் உருவிக்கொண்டு வரும். வரும்போது எது எந்த வரிசையில் இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் பக்கத்து ரப்பர் சீல் ஆக்சிலோடு வரும், சிலவற்றில் உடலிலேயே தங்கிவிடும். அதன் உதடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் தூசியைத் தடுக்காது.

இப்போது ஆக்சிலைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புஷ் உட்காரும் இடத்தில் ஒரு பட்டை பளபளவென்று இருக்கும், அது இயல்புதான். நகத்தை அதன் மேல் நீளவாக்கில் ஓட்டும்போது வரப்பு தட்டுப்பட்டால் ஆக்சிலே தேய்ந்திருக்கிறது. அப்போது புதுப் புஷ் போட்டாலும் ஆட்டம் முழுதாகப் போகாது. தட்டுப்படவில்லையென்றால் புஷ் மட்டும் மாற்றினால் போதும். இந்த வகையில் ஆக்சில் உறுதியான எஃகு, புஷ் வேண்டுமென்றே மென்மையாகச் செய்தது. புஷ் தன்னைத் தேய்த்துக்கொண்டு ஆக்சிலைக் காப்பாற்றுகிறது. அதனால் புஷ் தேய்வதைக் குறையாக நினைக்கவேண்டாம்.

பேரிங்கை விரல்விட்டுச் சுற்றிப் பாருங்கள். மழமழவென்று சுற்றினால் கழற்றவேண்டாம். வெளிப்பக்க ரப்பர் சீலை மட்டும் குண்டூசி நுனியால் ஓரத்தில் மெல்ல நெம்பி எடுத்து, டீசலில் கழுவி, நன்றாக உலரவிட்டு, புதுக் கிரீஸ் வைத்து, சீலைத் திரும்ப அழுத்திவிடலாம். நறநறப்பு கழுவியும் போகவில்லையென்றால் மாற்றத்தான் வேண்டும். பெட்ரோலில் கழுவாதீர்கள், அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். டீசலில் கழுவினால் அந்த எண்ணெய்ப் பசையைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட்ட பிறகே கிரீஸ் வையுங்கள், இல்லாவிட்டால் புதுக் கிரீஸ் இளகிப்போகும்.

பேரிங் மாற்றுவதற்குப் பெடல் கம்பெனியைத் தேடவேண்டியதில்லை. ரப்பர் சீல் மேலேயே எண் அச்சிட்டிருக்கும். 686 என்றால் உள்துளை 6, வெளிவட்டம் 13, தடிமன் 5 மில்லிமீட்டர். 688 என்றால் 8, 16, 5. எம்ஆர்126 என்றால் 6, 12, 4. இவை உலகம் முழுக்க ஒரே அளவு. பம்புசெட், மோட்டார் வேலைக்குப் பேரிங் விற்கிற கடையில் எண்ணைச் சொன்னால் போதும். கையில் இல்லையென்றால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவழைத்துத் தருவார்கள். கேட்கும்போது 2ஆர்எஸ் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளது அது. இசட்இசட் என்பது தகர மூடி. நம் தூசிக்கு அது ஆகாது. எண் அழிந்திருந்தால் வெர்னியரில் மூன்று அளவையும் எடுத்துப் போங்கள்.

பழைய பேரிங்கை வெளியே தள்ள, நைலான் உடலில் சுத்தியல் வேண்டவே வேண்டாம். ஒரு நீளமான போல்ட், இரண்டு மூன்று வாஷர், ஒரு நட்டு, பேரிங் விழுந்துகொள்ள இடம் கொடுக்கும் ஒரு பெரிய சாக்கெட். போல்ட்டை உள்ளே விட்டு, உட்பக்கம் பேரிங்கின் அளவுக்குப் பொருந்தும் வாஷர் வைத்து, வெளிப்பக்கம் சாக்கெட்டை வைத்து நட்டை முடுக்கினால் பேரிங் மெல்ல நகர்ந்து சாக்கெட்டுக்குள் வந்துவிடும். புதியதை ஏற்றுவதும் இதே முறைதான். ஆனால் ஏற்றும்போது அழுத்தம் பேரிங்கின் வெளிவளையத்தில் மட்டும் விழவேண்டும். உள்வளையத்தை அழுத்தி ஏற்றினால் நடுவே இருக்கும் குண்டுகள் தடத்தில் பள்ளம் பதித்துவிடும், புதுப் பேரிங் முதல் நாளே கரகரக்கும். அலுமினிய உடலாக இருந்தால் ஐந்து நிமிடம் சுடுநீரில் போட்டு எடுங்கள், வேலை பாதியாகக் குறையும்.

புஷ் விஷயம் கொஞ்சம் கடினம். அது பெடலுக்குப் பெடல் வேறுபடும். உங்கள் பெடல் கம்பெனி ரீபில்டு கிட் விற்கிறதா என்று முதலில் பாருங்கள். புஷ், பேரிங், சீல், நட்டு எல்லாம் சேர்ந்து வரும். கிட் இல்லையென்றால் அளவெடுத்து, உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் மூன்றுக்கும் பொருந்தும் பிளாஸ்டிக் புஷ்ஷோ டியூ புஷ்ஷோ தேடலாம். டியூ புஷ் என்பது எஃகு ஓட்டுக்கு உள்ளே வெண்கலமும் டெஃப்லானும் சேர்ந்த பூச்சு உள்ளது. கடைசி வழி, லேத் பட்டறையில் ஆக்சிலைக் கொடுத்து, வெண்கல வகையான கன்மெட்டலில் கடைந்து வாங்குவது. நல்ல கைக்காரராக இருந்தால் அது வருடக்கணக்கில் உழைக்கும். ஆக்சில் கையழுத்தத்தில் நுழைந்து, ஆட்டம் இல்லாமல் சுற்றவேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

பூட்டும்போது கிரீஸ் வைப்பதில் தாராளமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம். ஆக்சில் முழுக்க மெல்லிய பூச்சு, புஷ்ஷின் உட்பக்கம் ஒரு பூச்சு, பேரிங் முகத்தில் சற்றுக் கூடுதல், சீல் உதட்டுக்கு உள்ளே ஒரு வளையம். உடலின் உட்குழியை அடைத்து நிரப்பாதீர்கள். ஆக்சிலை நுழைக்கும்போது அடைபட்ட கிரீஸுக்கும் காற்றுக்கும் போக வழி இல்லாமல் சீலைத்தான் பிதுக்கித் தள்ளும். மெதுவாகச் சுற்றிச் சுற்றி நுழையுங்கள். சீல் ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ் பிதுங்கி வந்தால் நல்லது, அது வெளித்தூசியைத் தடுக்கும் வேலி. அதை முழுக்கத் துடைக்காமல் மெல்லிய வளையமாக விட்டுவிடுங்கள்.

முனை நட்டை எவ்வளவு இறுக்குவது? பேரிங்கின் உள்வளையம் ஆக்சிலின் தோளில் போய் உட்காரும் அமைப்பாக இருந்தால் நன்றாகவே இறுக்கலாம், சுற்றுவது கெடாது. புஷ் மட்டுமே உள்ள அமைப்பாக இருந்தால் ஆட்டம் மறையும் இடத்தில் நிறுத்தவேண்டும். இரண்டுக்கும் பொதுவான சோதனை: இறுக்கிய பிறகு உள்ளே வெளியே இழுத்தால் அசையக்கூடாது, விரலால் சுற்றினால் சீரான இறுக்கத்தோடு சுற்றவேண்டும், ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் விடக்கூடாது. நைலான் வளையம் உள்ள நட்டு ஓரிரு முறை கழற்றினால் பிடிப்பை இழந்துவிடும். கையாலேயே கடைசிவரை சுற்ற வந்தால் புது நட்டு போடுங்கள். பெடல் ஓட்டத்தில் உருவிக்கொண்டு போவது பெரும்பாலும் இந்த நட்டால்தான்.

கிராங்கில் மாட்டும்போது மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்றைக் கட்டாயம் விரலால் திருகுங்கள். விரலுக்கு வராவிட்டால் மரை ஏறுமாறாகப் பிடித்திருக்கிறது. பின்னால் எடுத்து மறுபடி நேராக வையுங்கள். பெடல் மரை 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. நுண்மரை என்பதால் அலுமினியக் கிராங்கில் ஒருமுறை தவறாக ஏறிவிட்டால் கிராங்கே போய்விடும். கடைசி இறுக்கம் பொதுவாக 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு: ஓரடி நீள ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ எடையை வைத்த அளவு அழுத்தம்.

பால்ரஸ் போட்ட பெடலென்றால் பழைய சைக்கிள் கடைக்காரர்களுக்கு அதில் உள்ள கைத்திறன் நமக்கு வராது. பெடல் கட்டையைப் பிரித்துக் கோன் வைத்துக் கொடுத்தே வளர்ந்த கைகள் அவை. நீங்களே செய்வதானால் ஒவ்வொரு பக்கமும் எத்தனை குண்டு என்று எண்ணி, தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். கப்பில் கிரீஸ் வைத்தால் குண்டுகள் அதிலேயே ஒட்டி நிற்கும். கோனை விரலால் இறுகும்வரை திருகி, கொஞ்சம் தளர்த்தி, லாக் நட்டை இறுக்கவேண்டும். லாக் நட்டு இறுகும்போது கோனையும் கொஞ்சம் தள்ளும் என்பதால் ஓரிரண்டு முறை திருத்தவேண்டி வரும். குண்டு ஒன்று புள்ளி விழுந்திருந்தாலும் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றுங்கள்.

பின்கள். ஃப்ளாட் பெடலில் காலைப் பிடித்து வைப்பதே இவைதான், ஆனால் இவற்றைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சரளையில் பெடல் உரசும்போது பின் வளையும், உடையும், அதன் ஆலன் துவாரத்தில் செம்மண் போய் அடைந்து காய்ந்து கல்லாகிவிடும். கீயை நுழைப்பதற்கு முன் ஊக்கு முனையால் அந்த மண்ணைத் தோண்டி எடுங்கள். மண்ணோடு கீயைத் திணித்தால் முழு ஆழம் பிடிக்காமல் துவாரம் உருண்டுவிடும். உருண்ட பின்னைக் கழற்ற, சால்டரிங் அயர்னை அதன் தலையில் வைத்துச் சூடாக்கினால் உள்ளே போட்ட லாக்டைட் என்கிற மரைப்பசை இளகும். ஹாக்ஸா பிளேடால் ஒரு கீறல் போட்டுத் திருப்புளியால் எடுக்கலாம். நைலான் உடலில் இந்தச் சூட்டு வேலை வேண்டாம், உடல் உருகிவிடும். பின்னின் அடிப்பக்கம் நட்டு இருந்தால் அதைக் கழற்றி மறுபக்கமாகத் தள்ளுங்கள்.

புதுப் பின் பெரும்பாலும் எம்4 அளவு. அலுமினிய உடலில் போடும்போது நீல நிற லாக்டைட் 243 ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், அது பிறகு கழலாது. நைலான் உடலில் நட்டு போட்டுப் பிடிக்கும் பின்களுக்கு லாக்டைட் அவசியமில்லை. நடுவில் குட்டைப் பின்னும் முன்பின் ஓரங்களில் நெட்டைப் பின்னும் வைத்தால் பாதம் குழிவில் உட்கார்ந்த மாதிரி பிடிப்பு கிடைக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஹவாய் செருப்போடு இதே சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள் என்றால் நெட்டைப் பின்களைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் இந்தப் பின் ஒருமுறை இழுத்தால் தையல் போடவேண்டி வரும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டால், நம் பக்கத்துக்குப் பருவத்தை வைத்துச் சொல்வதுதான் சரி. புரட்டாசியில், மழை பிடிப்பதற்கு முன் ஒருமுறை திறந்து புதுக் கிரீஸ். தை பிறந்ததும், மழைக்காலம் முடிந்து இன்னொரு முறை. இந்த இரண்டாவதுதான் முக்கியம், உள்ளே போன தண்ணீரை வெளியேற்றுவது அதில்தான். நடுவே கலுங்கு வழியும் தண்ணீரில் பெடல் மூழ்க ஓட்டியிருந்தால் அந்த வாரமே திறங்கள். மற்ற நாட்களில் ஓட்டம் முடிந்ததும் கிராங்க் பக்கத்துச் சீலை ஒரு துணியால் சுற்றித் துடைப்பது போதும்.

இரண்டு நிலையில் மட்டும் சரிசெய்ய முயலாமல் தூக்கிப் போடுங்கள். ஒன்று, நைலான் உடலில் ஆக்சில் குழாயைச் சுற்றி வெடிப்பு. பின் ஓரத்தில் சிராய்ப்பும் சில்லும் இருந்தால் பரவாயில்லை, குழாயில் வெடிப்பு கூடாது. மற்றொன்று, ஆக்சில் வளைவு. உடலைக் கழற்றிவிட்டு ஆக்சிலை மட்டும் கிராங்கில் பாதி மரை வரை திருகி, அதன் நுனிக்கு ஒட்டி ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் மெல்லச் சுற்றுங்கள். நுனி பென்சிலிடம் நெருங்கியும் விலகியும் போனால் வளைந்திருக்கிறது. வளைந்ததை அடித்து நிமிர்த்தி ஓட்டக்கூடாது. வளைந்த இடத்தில்தான் பிறகு முறியும், அதுவும் நீங்கள் நின்று மிதிக்கும் நேரத்தில் முறியும்.

உங்கள் விஷயத்தில், தம்பி, முதலில் இடது பெடலின் மூடியை மட்டும் திறந்து நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஆட்டம் குறையாவிட்டால் உடலை உருவி, ஆக்சிலில் நகம் ஓட்டிப் பார்த்து, பேரிங் எண்ணையும் புஷ்ஷின் மூன்று அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். கிட் வாங்குவதா, லேத்துக்குக் கொடுப்பதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.